பினாங்கு வெள்ளி

ஆடி இரண்டாம் வெள்ளியன்று காலையில், முதியோர் பென்ஷன் மனுவுக்குப் போட்டோ எடுக்க வந்த ஒரு பெரியவரின் மோவாயைப் பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்ததும் மறுமுனையில் பம்பைச் சத்தம், அதற்கு மேலே ஒரு பெண்ணின் குரல்.

"போட்டோ சார், கேமரா எடுத்துக்கினு ஒடனே வாங்க. எங்க பூவாடைக்காரிக்கு மொகம் வந்துட்சி!"

"யாரும்மா பேசறது?"

"சிட்டம்மா சார். திருமுக்கூடல் பக்கம். தை மாசம் எங்க வசந்த்குமாரு கல்யாணம் எடுத்தீங்களே. வெள்ளியில மொகம் வந்துட்சி சார். கண்ணு, மூக்கு, வாயி எல்லாம் கீது. ஊரே வந்து பாத்துக்கினு கீது."

வருகிறேன் என்று சொன்னேனா, சும்மா வைத்துவிட்டேனா, ஞாபகமில்லை. பெரியவர் எழுந்து நின்றிருந்தார், அவருக்காகப் போட்டிருந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். "இன்னா சார், கெட்ட சேதியா?" என்று அவர் கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன். அந்த முகம் எப்படி வந்தது என்று உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஆறு மாதம் முன்னால் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனவன் நான்.

என் பெயர் தினகரன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருபத்திரண்டு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் நாற்பது கிராமத்துக் கல்யாணப் பெண்கள் என் கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் ஆயிரம் வருடத்துக் கல்வெட்டுக் கோயில் எங்கே என்று என் கடையில்தான் வழி கேட்பார்கள். கையைக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். கல்லில் எனக்கு ஆசை கிடையாது. என் பைத்தியம் வேறு. பழைய வெள்ளி நாணயம்.

நாணயம் சேர்க்கிறவர்களில் பல ரகம் உண்டு. ராஜா தலை பார்க்கிறவன், வருடம் பார்க்கிறவன், எடை பார்க்கிறவன். நான் குறி பார்க்கிறவன். ஒரே அச்சு, ஒரே வருடம் என்றாலும் எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்பதற்கு எங்காவது ஒரு மூலையில் கடுகில் பாதி அளவு ஒரு எழுத்து ஒளிந்திருக்கும். அதைத் தேடிப்பிடிப்பதில் எனக்கு வரும் சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. அதிலும் நான் சேர்ப்பது ஒரே ஒரு வகை. வெள்ளைக்காரன் சீனாவிலும் மலேயாவிலும் வியாபாரம் செய்வதற்கென்றே அடித்த வெள்ளி டாலர். ஒரு பக்கத்தில் சீன எழுத்தும் மலாய் எழுத்தும். மறுபக்கத்தில் கடற்கரையில் நிற்கும் ஒரு பெண். இங்கிலாந்து தேசத்தைத்தான் பெண்ணாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். தலையில் கவசம், ஒரு கையில் சூலம், ஒரு கையில் கேடயம், பின்னால் தூரத்தில் ஒரு கப்பல். பம்பாயில் அடித்தது என்றால் சூலத்தின் நடுமுனையில் ஒரு 'பி' இருக்கும். கல்கத்தாவில் அடித்தது என்றால் அவள் காலடியில் ஒரு 'சி'. லண்டனில் அடித்ததில் குறியே இருக்காது. பம்பாயில் வருடக்கணக்காக அடித்துத் தள்ளினார்கள். கல்கத்தாவில் மூன்றே வருடம். என்னிடம் பம்பாய் பதினான்கு இருந்தது, லண்டன் இரண்டு. கல்கத்தா ஒன்றுகூட இல்லை. ஒன்பது வருடமாகத் தேடினேன். இரண்டு முறை கைக்கு வந்தது, இரண்டும் போலி.

"எல்லாம் ஒண்ணுதான கீது, எதுக்கு இத்தினி?" என்பாள் என் மனைவி கல்பனா. ஆல்பத்தை அவள் முன்னால் திறப்பதையே நிறுத்திவிட்டேன்.

வசந்த்குமார் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவர்கள் வீட்டில் பூவாடைக்காரி பூஜை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இது உண்டு. வீட்டில் வாழ்ந்து அகாலமாகப் போய்ச் சேர்ந்த பெண்ணை, நல்ல காரியத்துக்கு முன்னால் நீர்நிலையிலிருந்து அழைத்து வந்து, புதுப் புடவையும் பூவும் வைத்து, உத்தரவு கேட்பார்கள். கேட்காமல் செய்தால் அவள் கோபித்துக்கொள்வாள் என்று பயம். எங்கள் வீட்டிலும் இருந்தது. என் அப்பாவோடு நின்றுபோனது. நானும் அதைத் திரும்பத் தொடங்கவில்லை. யார் அந்தப் பெண் என்று கேட்டுவைத்துக்கொள்ளக்கூட இல்லை.

பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, அந்தி நேரத்தில் அவளைக் கலசத்தில் எடுத்து, பம்பை அடித்துக்கொண்டு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நான் பின்னாலேயே நடந்து படம் எடுத்தேன். உள்ளே கூடத்தில் கலசத்தை இறக்கியதும், முனிரத்தினம் பரணிலிருந்து ஒரு பனையோலைப் பெட்டியை எடுத்தார். அவர் சிட்டம்மாளின் கணவர், வசந்த்குமாரின் அப்பா. நெல் அறுவடை மெஷின் பின்னால் போய் மூட்டை தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கியவர். பெட்டியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சொன்றை எடுத்து அவிழ்த்து, வெற்றிலைமேல் வைத்தார். கேமரா வழியாகத்தான் முதலில் பார்த்தேன். சூலம், கேடயம், கப்பல்.

"பினாங்கு வெள்ளி சார்," என்றார் முனிரத்தினம். "எங்க தாத்தா கொண்டாந்தது."

தாத்தா பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். போகும்போது வீட்டில் ஜெயம்மாள் என்று ஒரு மனைவி, கல்யாணமாகி எட்டு மாதம். ஆறு வருடம் கழித்து அவளுக்குக் கழுத்தில் போட டாலர் செய்யலாம் என்று ஒரே ஒரு வெள்ளியை மடியில் முடிந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறார். அவர் கப்பலில் இருந்தபோதே ஊரில் காலரா வந்து அவள் போய்விட்டாள். புதைத்த மேட்டைத்தான் காட்டினார்கள். போட்டோ இல்லாத காலம். ஆறு வருடத்தில் அவருக்கு அவள் முகம் மறந்துபோயிருந்தது. அதைச் சொல்லித்தான் அழுதாராம். பிறகு ஒரு நாள் அந்த வெள்ளியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவதான். என் கப்பல் வருதான்னு கரையில நின்னு பாத்துக்கினு கீறா பாரு" என்றாராம். அன்றிலிருந்து அதுதான் ஜெயம்மாள். டாலராக்கக் காது வைக்கவே இல்லை. தொங்கவிடக் கழுத்து இல்லை. இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவளும் அதற்குத்தான் புடவை வைத்தாள். அந்த இரண்டாமவளின் பேரன்தான் முனிரத்தினம்.

வருடா வருடம் ஆடியில் அதை வெளியே எடுத்து, புளி போட்டு, சாம்பலால் தேய்த்து, முகத்தில் குங்குமம் வைப்பார்கள். நாணயம் சேர்க்கிறவன் யாராவது கேட்டால் வயிற்றில் அடித்துக்கொள்வான். நூறு வருடம் வீட்டுப் பெண்களின் கட்டைவிரல் ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து, அவள் முகம் இருந்த இடம் வழுவழுவென்று பள்ளமாகியிருந்தது. சூலம் இருக்கிறது, புடவை மாதிரி வழியும் அங்கி இருக்கிறது, கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

அன்று வீட்டுக்கு வந்து படங்களை லேப்டாப்பில் ஏற்றிப் பெரிதாக்கினேன். காலடியில், புளியும் விரலும் எட்டாத ஓரத்தில், சுத்தமாக ஒரு 'சி'.

அதற்குப் பிறகு எனக்கு நல்ல புத்தி ஒரு நிமிஷம்கூட வேலை செய்யவில்லை. கேட்டால் கொடுக்கமாட்டார்கள். விலை பேசினால் செருப்பால் அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும். கல்பனா சொல்கிற வார்த்தை அப்போது எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. எல்லாம் ஒன்றுதானே. அதே பெண், அதே சூலம், அதே கப்பல், அதே எடை வெள்ளி. அவர்கள் கும்பிடுவதற்கு 'பி' இருந்தால் என்ன, 'சி' இருந்தால் என்ன? இப்படியே எனக்கு நானே வக்கீலாகிப் பேசிக்கொண்டு, கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, என் பதினான்கு பம்பாயில் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். புதுமருமகள் வந்து விழுந்து கும்பிட்ட பிறகுதான் வெள்ளியைக் கட்டிப் பரணில் வைப்பார்கள் என்று தெரிந்து, நேரம் பார்த்துத்தான் போனேன்.

"ஆல்பத்துல ஒரு பக்கம் பெருசா வைக்கலாம்மா, கிட்டக்க ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்றேன்.

சிட்டம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் வீட்டுப் பூவாடைக்காரியை ஆல்பத்தில் போடுகிறேன் என்று சொன்ன முதல் ஆள் நான். வெள்ளியை இரண்டு கையாலும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "பாத்துக்கோங்க சார், காப்பி போட்டாந்துடறேன்" என்று உள்ளே போனாள். நான் சொன்ன மாதிரியே படமும் எடுத்தேன். அதன் பிறகுதான் மாற்றினேன். டம்ளரோடு அவள் வருவதற்குள் மஞ்சள் துணியைச் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டேன். அவள் பிரித்துப் பார்க்கவில்லை. ஆடிக்கு முன்னால் பிரிக்கும் வழக்கமில்லை. அந்தக் காப்பியை நான் முழுக்கக் குடித்தேன்.

சந்தோஷம் நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள், புதிதாக வாங்கிய லென்ஸைச் சோதித்துப் பார்க்க ஸ்டூடியோ மேஜையைக் குறிபார்த்தேன். இப்போதைய கேமராவில் மனித முகம் எதிரே வந்தால் திரையில் ஒரு பச்சைக் கட்டம் தானாகவே போய் முகத்தில் உட்காரும். மேஜையில் காலண்டர், கத்தரிக்கோல், பசை, அந்த வெள்ளி. பச்சைக் கட்டம் இங்கேயும் அங்கேயும் அலைந்துவிட்டு, வெள்ளியில் அந்த வழுவழுப்பான பள்ளத்தில் போய் நின்றது. கேமராவை அணைத்துப் போட்டேன். மறுபடியும் அங்கேதான். இன்னொரு பம்பாய் நாணயத்தை, நல்ல முகம் உள்ளதை, பக்கத்தில் வைத்தேன். கட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேமராவில் இந்த மாதிரிக் கோளாறு சகஜம். சுவரில் உள்ள கறையைக்கூட முகம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். அதற்கப்புறம் கல்யாண வீடுகளில் பெண்ணின் முகத்திலிருந்து கட்டம் நழுவி, மணவறைக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தில் போய் ஒரு விநாடி நின்றுவிட்டுத் திரும்பும். மாசியில் இரண்டு முறை, பங்குனியில் ஒரு முறை, வைகாசியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆறு வருடம் கரையில் நின்றவளுக்கு அந்த வீட்டில் பெட்டியில் இடம் கொடுத்து, ஆடிக்கு ஆடி குளிப்பாட்டி, பொட்டு வைத்துக் கொண்டாடினார்கள். நான் அவளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, 'கல்கத்தா' என்று ஸ்டிக்கர் ஒட்டிவைத்திருந்தேன். நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆகவே அந்த ஆடி வெள்ளியன்று, போன் வந்ததும் பயத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. உறையைத் திறந்து ஜெயம்மாளைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டேன். போட்டோ எடுக்கிற சாக்கில் வாங்கி, இடத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது. முகம் வந்த மாதிரியே போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

போய்ச் சேர்ந்தபோது சந்து முழுக்க ஆட்கள். செருப்புகளைத் தாண்டி உள்ளே போகவே நேரமானது. கூடத்தில் வெற்றிலைமேல் என் பம்பாய் நாணயம் குங்குமத்தோடு இருந்தது. பக்கத்தில் வசந்த்குமாரின் கல்யாண ஆல்பம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. நான் பக்கம் முழுக்கப் பெரிதாக்கிப் போட்டுக்கொடுத்த அந்தப் படத்தில் விரலை வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் முனிரத்தினம் காட்டிக்கொண்டிருந்தார்.

"தையில பாரு, மொகம் இல்ல. இதோ, இப்ப பாரு. போட்டோவே சாட்சி." அவர் என் பக்கம் திரும்பினார். "எங்க தாத்தா சாவற வரைக்கும் அவ மொகம் நெனப்பு வர்லியேன்னு அழுதாராமே. அவரு பாக்காம போய்ட்டாரே சார்."

நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன், முகத்தை மறைத்துக்கொள்ள அதுதான் வசதி. சிட்டம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"கடசியா ஒங்க கையிலதான சார் குடுத்தேன். ஒங்க கை பட்ட நேரம் சார்."

அந்த வார்த்தையை அவள் நன்றியாகத்தான் சொன்னாள்.

"கிட்டக்க ஒண்ணு எடுத்துடறேம்மா," என்றேன். அதே மாதிரி இரண்டு கையாலும் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அதே மாதிரி காப்பிக்கு உள்ளே போனாள். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். இடது கை பைக்குள் போனது. கைக்குட்டைக்குள் ஜெயம்மாள் சூடாக இருந்தாள், என் உடம்புச் சூடுதான். இரண்டு விநாடி போதும். அப்போது சமையலறை வாசலில் நின்று சிட்டம்மாள் யாரிடமோ உரக்கச் சொன்னது காதில் விழுந்தது.

"மூணு வருசமா நான்தான் வேணாம்னு நின்னேன். வேதக்கார வூட்டுக்குப் போனா இவளுக்கு யாரு புடவ வெப்பாங்க, கோச்சிக்குவான்னு பயந்தேன். இப்ப அவளே மொகத்த காட்டிட்டா. மூக்க பாருங்க, எங்க பரிமளா மூக்கு மாதிரியே கீது. அவளே சரின்ட்டா, நான் யாரு குறுக்க? ஆவணியில தானியேலுக்கே குடுத்துடறோம்."

தானியேல் அதே தெருக்காரன், ஒரகடம் கம்பெனியில் வேலை. ஒரே சனம், சாமிதான் வேறு, அவர்கள் கிறிஸ்தவர்கள். அவனும் வந்திருந்தான், வாசலுக்கு வெளியே ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். பையிலிருந்து கையை வெறுமனே எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது, கூடத்தின் எதிர்ப்பக்கம் சுவரோரமாக நின்று சிட்டம்மாளின் மகள் பரிமளா என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். வாலாஜாபாத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறாள், தோள் பையிலிருந்து வெள்ளைக் கோட்டு எட்டிப் பார்த்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. போனைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். ஆல்பப் பக்கத்தை அப்படியே படம் பிடித்திருந்தாள்.

"இதுல கால்கிட்ட ஒரு எழுத்து கீது சார், 'சி'. இப்ப வூட்ல கீறதுல கால்கிட்ட ஒண்ணும் இல்ல. சூலத்துல 'பி' கீது."

படத்தைப் பார்க்கிற மாதிரி போன்மேல் குனிந்துகொண்டேன்.

"நான் நாள் பூரா மைக்ராஸ்கோப்புல ஸ்லைடு பாத்துக்கினு கீறவ சார். மொகம் வர்லாம், சாமி வெவகாரம், எனக்குத் தெரியாது. எழுத்து எப்பிடி சார் எடம் மாறும்?"

இருபத்திரண்டு வருடமாக எல்லாரையும் நேராகப் பார்க்கச் சொன்னவன் நான், என்னால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. மேஜை டிராயரைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, வெள்ளியை அவள் முன்னால் வைத்தேன்.

"எடுத்துக்கினு போம்மா. தப்பு பண்ணிட்டேன். உங்க நைனா, அம்மா ரெண்டு பேர் கால்லயும் வந்து விழறேன். யாருகிட்ட வேணும்னாலும் சொல்லு."

அவள் ரொம்ப நேரம் அதைத் தொடாமல் பார்த்தாள். பிறகு எடுத்து, கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தை ஒரு முறை தடவி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"இதான் சார் எங்களுது."

"ஆமாம்மா."

"சின்ன வயசுல நான்தான் சார் இத தேச்சிக் குடுப்பேன். எங்க வூட்ல திருடணும்னா இதத் தவிர இன்னா சார் கீது? போலீசுக்குப் போலாம்னுதான் கெளம்பனேன். பஸ்ல ஏறுன பொறவுதான் ரோசன வந்துச்சி." வெள்ளியை மேஜைமேல் திருப்பி வைத்தாள். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை. "இத கொண்டும்போயி குடுத்தா அம்மா இன்னா சொல்லும் தெரியுமா? சாமி மொகத்த காட்டல, போட்டோக்காரன் காட்னான்னு சொல்லும். ஆவணி அதோட போச்சி."

"நான் பேசறேன்ம்மா உங்கம்மாகிட்ட. தானியேல் நல்ல பையன்தான…"

"நீங்க பேசி?" என்று கேட்டாள்.

வெளியே பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு பஸ் கிளம்பும் ஹாரன் அடித்தது. அவள் விரலை எடுத்தாள். "நீங்களே வெச்சிக்கினு இருங்க சார். யாருக்கும் குடுக்கக்கூடாது, விக்கக்கூடாது. ஆடிக்கு ஆடி வெளிய எடுத்துக் குளுப்பாட்டி, புதுப் புடவ, பூவு, பொட்டு எல்லாம் வெக்கணும். மஞ்சப் புடவ, செவப்பு பார்டரு. அதான் அவளுக்கு. இல்லாங்காட்டி பட்னியா கெடப்பா."

"எழுத்து எடம் மாறாதுன்னு சொன்ன நீயே இதை நம்பறியாம்மா?"

"நம்பறனோ இல்லியோ, வெக்கறது வெக்கணும் இல்ல சார்," என்றாள். பையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள். ஒரு படி இறங்கியவள் திரும்பி, என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்து, "வரேன்" என்றாள். அது எனக்குச் சொன்னதில்லை.

வேண்டும் வேண்டும் என்று ஒன்பது வருடம் தேடியது இனி என்னுடையது. உரியவளே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு ஆல்பத்தை எடுத்து, காலியாக இருந்த அந்த உறையைப் பார்த்தேன். அதில் அவளைத் திரும்ப வைக்கக் கை வரவில்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்ற ஒரு வழி இருந்தவரைக்கும் நான் வெறும் திருடனாக இருந்தேன். இப்போது எனக்குப் பொறுப்பு வந்துவிட்டது. நான் செத்தால் யார் வைப்பார்கள் என்ற கவலைகூட வந்துவிட்டது.

ஆடி கடைசி வெள்ளிக்கு பஜார் தெருவில் ஜவுளிக்கடைக்குப் போய் மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட புடவை கேட்டேன். கடைக்காரர் சுகுமார் என்னோடு படித்தவர். "வீட்டம்மாவுக்கா?" என்று கேட்டுவிட்டு, கல்பனாவுக்கு மஞ்சள் பிடிக்காது என்பது அவருக்கே ஞாபகம் வந்து, ஒரு மாதிரி சிரித்தார். மல்லிகை இரண்டு முழம், வெற்றிலை, கண்ணாடி வளையல். வீட்டுக்கு வந்து, கல்பனா கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, சமையலறையில் புளி கரைத்தேன். தேய்க்கவேண்டாம், சும்மா கழுவினால் போதும் என்றுதான் நினைத்தேன். நாணயத்தைப் புளியில் போடுகிறவனைப் பார்த்தால் பத்து நாள் பேசாதவன் நான். சாமி அலமாரிக்குக் கீழே பலகை போட்டு, புடவையை மடித்து வைத்து, மேலே வெற்றிலை, வெற்றிலைமேல் அவள். குங்குமத்தை எடுத்தேன். எந்த இடத்தில் வைப்பது என்று தெரிந்தது, விரல்தான் போகவில்லை.

பின்னாலிருந்து பை வைக்கும் சத்தம் கேட்டது. கல்பனா எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது. புடவையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், என் குங்கும விரலைப் பார்த்தாள்.

"யாருக்கு இது?"

"உனக்கில்ல."

"அது தெரியுது. யாருக்குன்னு கேக்கறேன்."

"ஜெயம்மா."

"எந்த ஜெயம்மா?" அவள் குரல் சட்டென்று மாறியது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் நான் ஒரு பெண் பெயரை இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. "எந்த ஊரு? பாக்க எப்பிடி இருப்பா?"

சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பாலாற்று ஊற்றிலிருந்து ஆரம்பிப்பதா, பினாங்கிலிருந்து ஆரம்பிப்பதா, என் சட்டைப் பையிலிருந்து ஆரம்பிப்பதா? பார்க்க எப்படி இருப்பாள் என்ற கேள்விக்கு அவள் புருஷனிடமே பதில் இல்லாமல் போயிருந்தது. வெற்றிலையோடு எடுத்துக் கல்பனாவிடம் நீட்டினேன்.

அவள் கோபத்தோடுதான் வாங்கினாள். விளக்கைப் போட்டு, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சூலம், கப்பல், கழுத்து. கழுத்துக்கு மேலே வந்ததும் நின்றாள். ஏதோ அழுக்கு மூடியிருக்கிறது, துடைத்தால் தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அவள் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் போய்ப் பொருந்தி, மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தது.